மலை பழகுறதுக்கு ஒரு வருசம்

எங்க ஏலக்காட்டுல புதுசா வர்றவங்களுக்கு ஒரு வருசம் குடுப்போம். கம்பம், கூடலூர் பக்கமிருந்து யாராவது வேலைக்கோ வாழ்க்கைப்பட்டோ மலையேறி வந்தா, முதல் மழையிலயே காய்ச்சல் வரும், இருமல் வரும், சோறு செல்லாது, உடம்பு வத்திப் போகும். யாரும் பதற மாட்டோம். "மலை பழகட்டும்"னு சொல்லிட்டு அவங்கவங்க வேலையப் பாப்போம். முக்கால்வாசிப் பேருக்குப் பழகியும் போகும். பழகாதவங்க எறங்கிப் போயிருவாங்க. எறங்கிப் போனவங்க என்ன ஆனாங்கன்னு மேல இருக்குற யாரும் கேட்டது கிடையாது. நானும் கேட்டதில்ல.

நான் மலையிலயே பெறந்தவ. எங்கப்பாவும் ஆத்தாளும் ஏறி வந்து ரொம்ப வருசம் கழிச்சு, ஆனைக்கரைக்குப் பக்கத்துல, தோட்டத்து ஆளுங்க வரிசையாக் குடியிருக்குற ஒரு லயத்துல என்னையப் பெத்தாங்க. அதுல எனக்கு ஒரு கொழுப்பு உண்டு. அட்டை கடிச்சா அழுகுற கீழ்நாட்டுப் பொண்ணுகளப் பாத்து வாய்விட்டுச் சிரிப்பேன். இப்ப நான் சொல்லச் சொல்ல இத எழுதுறது என் மக. "உன் கொழுப்பையும் எழுதணுமாம்மா?"ன்னு கேக்குறா. எழுதுடி. அத விட்டுட்டு எழுதுனா மத்ததெல்லாம் பொய்யாப் போயிரும்.

எனக்கு அப்ப இருபத்தஞ்சு வயசு இருக்கும். குமுளி ரோட்டுல மோட்டார் வண்டி ஒண்ணு ரெண்டு ஏற ஆரம்பிச்ச காலம். லயத்துல எங்களுக்கு ஒரு அறை, முன்னால ஒரு சாய்ப்பு. அதுக்குள்ள நானு, என் வீட்டுக்காரரு, நாலு வயசு மக (இந்த எழுதுறவதான்), என் மாமியாரு, கொழுந்தன். அந்தத் தை மாசம் கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆகி ஆறாவதா அவ வந்தா. என் ஓரகத்தி.

ஆத்தாடி, என்னா தெம்பு! தலையில ஒரு குடம், இடுப்புல ஒரு குடம், ஓடையிலருந்து மூச்சு வாங்காம ஏறி வருவா. சிரிச்சா லயம் பூராவும் கேக்கும். என்னைய அக்கான்னுதான் கூப்பிடுவா, ஆனா பாதிய முழுங்கிட்டு "க்கா"ன்னுதான் வெளிய வரும். வந்த ஒரு வாரத்துல என் மக அவ இடுப்ப விட்டு எறங்க மாட்டேன்னுட்டா. எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனா அவளப் பிடிச்சும் போச்சு, பொய் சொல்லக் கூடாது.

அவ வர்றதுக்கு ரெண்டு வருசம் முந்தியே எனக்கு இருமல் இருந்துச்சு. அத நாங்க ஸ்டோர் இருமல்னு சொல்வோம். பறிச்ச ஏலக்காயக் காய வைக்கிற கட்டடத்துக்குத்தான் ஸ்டோருன்னு பேரு. வெளிய இருந்து அடுப்புல விறகப் போட்டு எரிப்பாங்க. சூடு இரும்புக் குழாய் வழியா உள்ள ஓடும். கதவு சன்னலெல்லாம் சாத்தியிருக்கும். தட்டுத் தட்டா பரப்பி வச்ச காயப் பொம்பளைங்க நாங்க உள்ள போயிக் கிண்டி விடணும். குழாய் மூட்டுல புகை கசியும். உள்ள போனா இருமல், வெளிய வந்தா இருமல். ஸ்டோருல வேலை பாக்குற எவ இருமல? அதனால என் இருமலுக்கு நான் ஆடாதோடை இலையக் கொதிக்க வச்சுக் குடிச்சுட்டு, ராத்திரி வேர்த்துக் கொட்டுனா புகைச் சூடுன்னு நெனச்சுக்கிட்டு, சேலை ரவிக்கை தொளதொளன்னு ஆனா வேலை சாஸ்தின்னு சொல்லிக்கிட்டுக் கெடந்தேன். ஆபீஸ் ரைட்டரு வீட்டு மலையாளத்தம்மா ஒருக்கா என்னையப் பாத்து, "எந்தா தீனம்?"னு, என்ன நோயின்னு கேட்டுச்சு. "தீனமா? எனக்கா? நான் இந்த மண்ணுல பெறந்தவ"ன்னு நெஞ்ச நிமித்திச் சொன்னேன். சொல்லி முடிக்கிறதுக்குள்ள மூணு தடவை இருமுனேன்.

ஆனி மாசம் சாரல் பிடிச்சா எங்க பக்கம் ரெண்டு மாசத்துக்குச் சூரியனே கிடையாது. ஆம்பளைங்க சாய்ப்புல படுப்பாங்க. பொம்பளைங்க நாங்க அடுப்புப் பக்கம். மக அவ அப்பத்தாகூட ஒட்டிக்கிட்டு ஒரு மூலையில படுத்துக்குவா. ஓரகத்தி அவ கொண்டு வந்த மெல்லிசு போர்வையப் போத்திக்கிட்டு வெடவெடன்னு நடுங்குவா. எனக்குப் பாக்கப் பொறுக்கல. "வாடி இங்கிட்டு"ன்னு என் கம்பளிக்குள்ள இழுத்துப் போட்டுக்கிட்டேன். அந்த மழை முடியிற மட்டும் ரெண்டு பேரும் ஒரே கம்பளிக்குள்ளதான். என் இருமல் சத்தத்துல அவ எந்திரிச்சு என் முதுக நீவி விடுவா.

ஆவணியில அவளுக்கு இருமல் வந்துச்சு. சாயங்காலம் ஆனா மேலு சுடும். பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டுலருந்து வாரம் ஒருக்கா மருந்து குடுக்க ஒரு டிரெஸ்ஸரு வருவாரு. அவரு அவளப் பாத்ததுமே முதல் கேள்வி, "கீழேருந்து வந்து எத்தன மாசம்?" ஏழு மாசம்னு சொன்னதும் நாடியக்கூடப் பிடிக்கல. மலைக்காய்ச்சலுக்குக் குடுக்குற கொயினா மாத்திரையக் கையில குடுத்துட்டாரு. அடுத்து நின்ன நான் இருமுனேன். "ஸ்டோரா?"ன்னு கேட்டாரு. ஆமான்னேன். இருமல் தண்ணி ஒரு சீசா குடுத்தாரு. ரெண்டு பேருக்கும் சேத்து அரை நிமிசம் ஆயிருக்காது. அந்த மனுசன நான் திட்டாத நாள் கிடையாது. ஆனா அன்னைக்கு அவரு சொன்னதத்தானே நாங்களும் நெனச்சோம்? பெறகு அவர மட்டும் திட்டி என்ன ஆகப் போகுது?

கார்த்திகையில அவ அப்பா வந்து அவளத் தாய் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. அங்க இருந்த வைத்தியரு, மலையிலருந்து வந்த பொண்ணுன்னு கேட்டதும், "மலைக்காய்ச்சல்"னு சொல்லி அவரும் கொயினாதான் குடுத்திருக்காரு. மேல இருக்குறவங்க இது கீழேருந்து வர்றவங்களுக்கு வர்றதுன்னாங்க. கீழ இருக்குறவங்க இது மலையிலருந்து எறங்குறவங்களுக்கு வர்றதுன்னாங்க. நடுவுல அந்தப் புள்ள காது கொய்ங்குனு அடைக்க அடைக்க மாத்திரையா முழுங்குனா. ஒரு மாசம் வேலையில்லாமப் படுத்து, மோரும் சோறுமாத் தின்னதுல கன்னம் லேசா உப்பித் திரும்ப மலையேறி வந்தா. என் மாமியா, "பாத்தியா, மலைதான் ஒத்துக்கல இவளுக்கு. இன்னம் கொஞ்ச நாள்ல பழகிரும்"னாங்க. நானும் ஆமான்னு தலையாட்டுனேன்.

தை வந்துச்சு. வருசம் முடிஞ்சு போச்சு. மலை பழகல. இப்ப ஒத்தக் குடம் எடுத்துட்டு வரவே ரெண்டு எடத்துல உக்காந்துட்டு வந்தா. மாமியா இன்னொரு மழை போகட்டும்னாங்க. எனக்குக் கோவம் வந்துருச்சு. "எத்தன மழை அத்தை போகணும்? இவ எலும்பும் தோலுமா ஆனப்புறம் மலை பழகுனா என்ன, பழகாட்டி என்ன?"ன்னு கத்திட்டேன். மாமியா மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. வீட்டுக்காரரு வழக்கம்போல சாய்ப்புல போயி பீடியப் பத்த வச்சுக்கிட்டாரு.

அந்தச் சமயத்துலதான் அவ புதுசா வெத்தலை போட ஆரம்பிச்சா. வந்தப்ப வெத்தலையத் தொட மாட்டா, பல்லு கறையாகும்னுவா. இப்ப எந்நேரமும் வாய் செவக்க மென்னுக்கிட்டே இருந்தா. நான் கேலி பண்ணுனேன். "என்னாடி, மலையில பழகுனது இது ஒண்ணுதானா?" அவ வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. லயத்து வாசல் பூராவும் வெத்தலை எச்சில்தான். இதுல யாரு எச்சில் என்ன செவப்புன்னு எவ குனிஞ்சு பாக்கப் போறா?

மாசி மாசம் ஒரு விடியக்காலை ஓடைக்குத் தண்ணிக்குப் போனேன். அவ எனக்கு முன்னாலயே போயிருந்தா. பாறையப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு இருமுனா. துப்புனது செவப்பா இருந்துச்சு. பல்லே இன்னம் வெளக்கல, வேப்பங்குச்சி கையிலயே இருக்கு. வாயில வெத்தலை இல்ல. குடத்தக் கீழ வச்சுட்டு ஓடிப் போயி அவ தோளப் பிடிச்சேன்.

"எத்தன நாளாடி?"

"பொங்கலுக்கு முந்தியிருந்துக்கா."

"பாவி, ஏண்டி சொல்லல?"

"சொன்னா எறக்கி விட்டுருவாங்கள்லக்கா. எலும்புருக்கின்னு பேரு வந்துட்டா என் தங்கச்சிங்க ரெண்டையும் யாரு கட்டுவா? ஊட்டுலயே நோய் இருக்குன்னுல்ல சொல்லுவாங்க."

செத்துப் போறதப் பத்தி அவ பேசவே இல்ல. தங்கச்சிங்களப் பத்தித்தான் பேசுனா. வந்த அழுகையில அவள ரெண்டு சாத்து சாத்தலாம்னு இருந்துச்சு எனக்கு.

நான் ஒத்தக் காலுல நின்னேன். இவளக் கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலன்னா நான் ஸ்டோருக்குப் போக மாட்டேன், சோறு பொங்க மாட்டேன்னு அடம் பிடிச்சேன். கொழுந்தன் சரின்னான். மூணு பேரும் குமுளி வரைக்கும் நடந்தோம். அவள அவன் பாதித் தூரம் முதுகுலதான் தூக்கிட்டு வந்தான். அங்கருந்து மாட்டு வண்டி. கம்பம் தாண்டி ஒரு ஆஸ்பத்திரி. ஊரும் பேரும் வேண்டாம்.

டாக்டரு நம்ம பக்கத்து ஆளுதான். கட்டையா, கறுப்பா, எரிஞ்சு விழுகுற மனுசன். ஆனா அவரு கொயினாப் பக்கமே கைய நீட்டல. அவ நெஞ்சுலயும் முதுகுலயும் குழல வச்சு ரொம்ப நேரம் கேட்டாரு. ஒரு சின்னக் குப்பியில சளியத் துப்பச் சொன்னாரு. நான் சொவரு ஓரமா நின்னு இருமிக்கிட்டிருந்தேன். சட்டுன்னு திரும்புனாரு.

"உனக்கு என்ன?"

"இது ஸ்டோர் இருமல்ங்கய்யா. நான் துணைக்கு வந்தவ."

"ஸ்டோர் இருமலுக்கு இப்ப எந்த ஸ்டோருல நிக்கிற? வா இங்க, உக்காரு."

என் நெஞ்சுலயும் குழல வச்சாரு. எனக்கும் ஒரு குப்பி குடுத்தாரு. மறுநாள் வரச் சொன்னாரு. மறுநாள் கொழுந்தன் வண்டி பேசப் போயிருந்தான். நாங்க ரெண்டு பேருந்தான் உள்ள இருந்தோம். பூதக்கண்ணாடியில ரெண்டு பேரு சளியிலயும் எலும்புருக்கிப் பூச்சி தெரியுதுன்னாரு. அப்புறம் கேட்டாரு, "ஒங்க வீட்டுல முதல்ல இருமுனது யாரு?"

அவ என் மூஞ்சியப் பாத்தா.

"இவளுக்கு எப்ப?" "போன ஆவணி." "உனக்கு?" "இவ வர்றதுக்கு ரெண்டு வருசம் முன்னால." "ரெண்டு பேரும் எங்க படுப்பீங்க?"

நான் சொன்னேன். அவரு எரிஞ்சு விழல. விழுந்திருந்தா நல்லா இருந்திருக்கும். "இந்தப் பொண்ணு நல்லாத்தான் மலையேறியிருக்கு. உங்கிட்டருந்து வந்திருக்கு. உனக்கு உடம்பு வலு, அதனால நோய் மெதுவாப் போகுது. இவளுக்கு வேகமாப் போகுது. ஆறு மாசத்துக்கு முன்னால வந்திருந்தா இவளுக்கு நான் தைரியம் சொல்லியிருப்பேன்"னாரு. மருந்துன்னு அப்ப ஒண்ணும் கிடையாது. படுக்கை, பாலு, முட்டை, மீனெண்ணெய், நல்ல காத்து. தனியாப் படுக்கணும், மூடி போட்ட டப்பாவுல துப்பி எரிக்கணும். என் வீட்டுக்காரரக் கூட்டிட்டு அடுத்த வாரமே வரச் சொன்னாரு.

வெளிய வந்ததும் நான் அவகிட்ட முதல்ல சொன்னது என்ன தெரியுமா? மன்னிச்சிரு ஆத்தான்னு சொல்லல. "என் விசயத்த வீட்டுல சொல்லிராதடி. புள்ளைய எங்கிட்டருந்து பிரிச்சிருவாங்க"ன்னு சொன்னேன். இத எழுதுடி, ஏன் பேனாவ நிறுத்துற? அவ, "சரிக்கா"ன்னா. வண்டியில வர்ற வழி பூராவும் என் கைய விடவே இல்ல.

வீட்டுல அவளுக்கு எலும்புருக்கின்னு தெரிஞ்சதும் மாமியா தலையில அடிச்சுக்கிட்டாங்க. நோயக் கொண்டாந்து ஊட்டுக்குள்ள விட்டுட்டாளேன்னு ஆரம்பிச்சு, அவ அப்பனுக்கு ஆள் சொல்லி விட்டாங்க. கொழுந்தனுக்கு வேற பொண்ணு பாக்கணும்னு காதுபடவே பேசுனாங்க. அவனும் வாயத் தொறக்கல. அவளச் சாய்ப்பு ஓரத்துல தனியாப் படுக்க வச்சோம். நான் மட்டும் யாருக்கும் தெரியாம மகளத் தூர நிறுத்துனேன், தட்டத் தனியா கழுவுனேன், ஸ்டோர் இருமல்னு சொல்லிக்கிட்டே நடமாடுனேன். ஒம்பது நாளு. சோறு எறங்கல. ஆனா வாயும் தொறக்கல.

பத்தாம் நாள் அவ அப்பா வந்தாரு. நெட்டையான மனுசன், தலப்பா கட்டியிருப்பாரு, அதிராமப் பேசுவாரு. வந்தவரத் தண்ணி குடிக்கக்கூட விடல என் மாமியா. "நோய்க்காரின்னு தெரிஞ்சே எங்க தலையில கட்டிட்டீங்களே, இது அடுக்குமா?"ன்னாங்க. லயத்துச் சனமெல்லாம் வந்து நின்னுருச்சு. அந்த மனுசன் தலப்பாவ அவுத்துக் கையில வச்சுக்கிட்டு மககிட்டப் போயி குத்துக்கால் வச்சு உக்காந்தாரு.

"நெசமா ஆத்தா? வரும்போதே ஒனக்கு இருந்துச்சா? எங்களுக்குத்தான் தெரியாமப் போச்சா?"

அவ அப்பனப் பாத்தா. அப்புறம் என் இடுப்புல தொத்தப் பாத்துக்கிட்டு நின்ன என் மகளப் பாத்தா. "ஆமாப்பா. இருந்துச்சு"ன்னு சொன்னா.

எந்தத் தங்கச்சிங்களுக்காக ரத்தத்த வெத்தலையில மறைச்சாளோ, அதுங்க தலையில அவளே மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டா, எனக்காக. எனக்கு எங்கிருந்து சத்தம் வந்துச்சுன்னே தெரியல.

"பொய் சொல்றா! பெரியப்பா, இவ பொய் சொல்றா. இவ நல்லாத்தான் வந்தா. ரெண்டு குடம் தூக்குனவ இவ, லயமே பாத்துச்சுல்ல? நோய் எனக்குத்தான். அவளுக்கு ரெண்டு வருசம் முந்தியே எனக்கு. எங்கிட்டருந்துதான் அவளுக்கு ஒட்டுச்சு. டாக்டரு சொன்னாரு. இத்தன நாளு நாந்தான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

"என்னாடி ஒளர்ற?"ன்னாங்க மாமியா. என் வீட்டுக்காரரு, "நெசமா?"ன்னு கேட்டாரு. நெசம்னேன். அவரு மகள என் பக்கத்துலருந்து தூக்கிட்டுப் போயி வாசல்ல நின்னாரு. அத நான் தப்பு சொல்ல மாட்டேன்.

அவ அப்பா என்னையப் பாத்தாரு. "மூணு வருசமா இருமிக்கிட்டு இருந்தியே ஆத்தா, ஒருத்தரும் ஒன்னையக் கூட்டிட்டுப் போயிக் காட்டலையா?"ன்னு கேட்டாரு. கோவமே இல்ல அந்தக் குரல்ல. "மலையில பெறந்தவளுக்கு அதெல்லாம் வராதுன்னு நெனச்சோம் பெரியப்பா"ன்னேன். கேட்டுட்டுத் தலைய ஆட்டிக்கிட்டாரு. ஓரகத்தி மட்டும், "ஏங்க்கா சொன்னீங்க"ன்னு முணுமுணுத்துக்கிட்டு மூஞ்சிய மூடிக்கிட்டா.

அன்னைக்கே அவளக் கூட்டிட்டு எறங்குனாரு. கொழுந்தன் அதுவரைக்கும் மரம் மாதிரி நின்னுக்கிட்டிருந்தான். அவ மூட்டைய எடுத்துத் தோள்ல வச்சுக்கிட்டு முன்னால நடந்துட்டான். மாமியா கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பாக்கல. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே ஒரு குடிசை போட்டு, அங்க கூலி வேலை பாத்து, அவளுக்குப் பால் வாங்கி ஊத்துனான். எங்க லயத்துச் சனத்து மூலமா விசயம் கம்பம் வரைக்கும் பரவிப் போச்சு, நோய் பொண்ணு வீட்டுதில்ல, மலைக்காரி குடுத்ததுன்னு. அந்த வருசமே ஒரு தங்கச்சிக்குக் கல்யாணம் முடிஞ்சுச்சு.

எனக்கு லயத்தத் தாண்டி ஒரு கொட்டாய் போட்டுக் குடுத்தாங்க. மூணு பக்கமும் தொறந்து கெடக்கும். என் வீட்டுக்காரரு பீடிய விட்டுட்டு அந்தக் காசுல எனக்கு முட்டை வாங்குனாரு, அதையும் சொல்லணும்ல. மக தூர நின்னு என்னையப் பாத்துப் பேசிட்டுப் போவா. ஒன்னரை வருசம் அவள நான் தொடல. படுத்தே கெடந்தேன். மெள்ள மெள்ள காய்ச்சல் விட்டுச்சு, உடம்புல சதை பிடிச்சுச்சு. ஒருநாள் விடிஞ்சு எந்திரிச்சப்பத்தான் கவனிச்சேன், ராத்திரி நான் ஒரு தடவைகூட இருமல.

அதுக்கப்புறம் பத்து நாள்ல அவ அப்பா மலையேறி வந்தாரு. என் கொட்டாய்க்கே நேரா வந்தாரு. தலப்பா இல்ல, மொட்டையடிச்சிருந்தாரு. அதப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. நான் எந்திரிச்சு நின்னேன். அவரு உக்காரல.

"ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னா. கடைசி வரைக்கும் அதையேதான் கேட்டுக்கிட்டிருந்தா. அதான் வந்தேன். ஒனக்கு இருமல் நின்னுருச்சா ஆத்தா?"

மகளப் பறிகொடுத்துட்டு வந்து நிக்கிற மனுசன்கிட்ட அந்த ஒரு வார்த்தைய நான் எப்படிச் சொல்றது? தரையப் பாத்துக்கிட்டே, "நின்னுருச்சு பெரியப்பா"ன்னேன்.

"நல்லது"ன்னு சொல்லிட்டு, அவரு எறங்கிப் போயிட்டாரு.